வேனுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்டெப்னி... இறக்கத் தெரியுமா உங்களுக்கு?

அரிமளத்திலிருந்து ஏம்பல் பக்கம் போகும் சாலையில், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு ஏழு சீட்டு வண்டியின் பின் டயர் பஞ்சர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தைலமரக்காடு. பஞ்சர் கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கியாச்சு. வண்டிக்குள் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை; டிக்கி நிறைய கல்யாணச் சாமான். "ஸ்டெப்னி இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்று உடனே பதில் வரும். "எங்க இருக்கு?" என்று கேட்டால்தான் அமைதி.

டிக்கியைத் திறந்தால் டயர் இல்லை. பின் கதவிலும் இல்லை. சீட்டை மடக்கிப் பார்த்தாலும் இல்லை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், வண்டியின் வயிற்றுக்கு அடியில், சேறு அப்பிக் கிடக்கும் ஒரு கறுப்பு வட்டம் தெரியும். அதுதான் ஸ்டெப்னி. கையால் இழுத்தால் அசையாது. கழற்றலாம் என்றால் அந்தப் பக்கம் நட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

சொந்தக் கார் வைத்திருப்பவர்கள், ஆக்டிங் டிரைவர்கள், ஏன், வருஷக்கணக்கில் வேன் ஓட்டுபவர்களில்கூட சிலர் முதல்முறை தடுமாறும் இடம் இது. இறக்குவது கஷ்டமான வேலை இல்லை. எங்கிருந்து இறக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்கான ராடு வண்டியில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால், காற்றடைத்த நல்ல டயரைச் சுமந்துகொண்டே நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

ஏன் அடியில் கொண்டுபோய் வைத்தார்கள்?

அம்பாசடர் காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. டிக்கியைத் திறந்தால் டயர். டாடா சுமோ, மஹிந்திரா பொலிரோ வந்தபோது பின் கதவிலேயே டயரைத் தொங்கவிட்டார்கள். பின்னால் வரும் பைக்காரருக்குக்கூட 'இந்த வண்டியில் ஸ்டெப்னி இருக்கு' என்று தெரியும்.

2005-ல் டொயோட்டா இன்னோவா இந்தியாவுக்கு வந்தது. 2012-ல் மாருதி எர்டிகா. கம்பெனிகள் 'எம்பிவி' என்றும் வெளிநாட்டில் 'மினிவேன்' என்றும் சொல்கிற, நம் ஊரில் 'செவன் சீட்டர்' என்றே பேர் எடுத்த இந்த வண்டிகளில் மூன்று வரிசை சீட்டு. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் மிச்சம் இருப்பது ஒரு முழம் இடம். அதில் டயரையும் வைத்தால் பை வைக்க இடம் இருக்காது. பின் கதவில் மாட்டினால் மேல்நோக்கித் திறக்கும் கதவு அந்த எடையோடு தூக்க முடியாமல் போகும். இன்னோவா சைஸ் வண்டியின் சக்கரம், டயரோடு சேர்ந்து ஏறக்குறைய 20 கிலோ வரும். ஆக, மிச்சம் இருந்த ஒரே இடம் தரைக்குக் கீழே.

இதைவிட விசித்திரமான இடமும் உண்டு. கனடாவில் தமிழ்க் குடும்பங்களுக்கும் பழக்கமான டாட்ஜ் கிராண்ட் காரவன் மினிவேனில், 2005 மாடல் முதல் பின் சீட்டுகளைத் தரைக்குள்ளேயே மடக்கிப் புதைக்கும் வசதி வந்தது. அதற்காகத் தரையில் பள்ளம் வேண்டும். அதனால் ஸ்டெப்னி வண்டியின் நடுப்பகுதிக்கு அடியில் போனது. அதை இறக்கும் திருகு இருப்பது பின்னால் இல்லை. இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவில், தரையில் ஒரு மூடிக்குக் கீழே! கையேட்டைப் படிக்காமல் அதைக் கண்டுபிடிப்பவருக்குத் தனியாகப் பரிசே கொடுக்கலாம்.

'ஸ்டெப்னி' யார் வைத்த பெயர்?

ஒரு சின்ன இடைச்செருகல். 'ஸ்டெப்னி' என்பது ஒரு தெருவின் பெயர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில் உள்ள ஸ்டெப்னி தெருவில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்த டேவிஸ் சகோதரர்கள், 1904 வாக்கில் ஒரு மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார்கள். அப்போதைய கார்கள் உபரிச் சக்கரம் இல்லாமலேயே விற்பனைக்கு வந்தன. பஞ்சரானால் நடுவழியிலேயே டயரைக் கழற்றி ஒட்ட வேண்டும். டேவிஸ் சகோதரர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத ஒரு வளையம். அதில் காற்றடைத்த டயர் மாட்டியிருக்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல், அதன் பக்கத்திலேயே இந்த வளையத்தைக் கவ்வி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். அந்தப் பெயர் பிரிட்டனில் வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவில் நிலைத்துவிட்டது. பிரேசிலில் 'எஸ்டெப்பே' என்கிறார்கள். அதுவும் இதே தெருவிலிருந்து போனதுதான்.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் தேட வேண்டியது டயரை அல்ல, டூல்ஸை. ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஒன்றோடொன்று கோர்த்து நீளமாக்கும் இரண்டு மூன்று ராடுகள். வண்டி புதிதாக வரும்போது இவை எல்லாம் ஒரு பையில் இருக்கும். மாடலைப் பொறுத்து அந்தப் பை பின்பக்கச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கலாம், சீட்டுக்கு அடியில் இருக்கலாம், டிக்கி விரிப்புக்குக் கீழே இருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் பல நேரம் ஜாக்கி மட்டும் இருக்கும், ராடு இருக்காது. 'இந்தக் கம்பி எதுக்கு?' என்று யாரோ வீட்டில் எடுத்துப் போட்டிருப்பார்கள். அந்தக் கம்பி இல்லாமல் ஸ்டெப்னி கீழே வராது.

அடுத்து, ராடைச் சொருக வேண்டிய இடம். அடியில் தொங்கும் டயரைத் தாங்குவது ஒரு கேபிள் அல்லது சங்கிலி. அதை ஏற்றி இறக்க, கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு சின்ன 'வின்ச்' வண்டியின் தரையோடு பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் திருகுக்குப் போகும் வழி சில வண்டிகளில் பின் பம்பரை ஒட்டி வெளியிலிருந்து தெரியும் ஒரு துளை. வேறு சிலவற்றில் டிக்கி தரையில், விரிப்பை விலக்கினால் ஒரு சிறிய மூடி. அதை நெம்பி எடுத்தால் உள்ளே திருகு. இரண்டாவது வகை என்றால் டிக்கியில் உள்ள மூட்டை முடிச்சை எல்லாம் முதலில் இறக்க வேண்டும். அதனால்தான் சபரிமலைக்கு இருமுடி, அரிசி மூட்டை, பாத்திரம் என்று அடுக்கிக்கொண்டு கிளம்பும் வேன்கள் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எந்த வண்டியில் எது என்பதை ஓனர்ஸ் மேனுவல் படம் போட்டுக் காட்டும். டேஷ்போர்டு பெட்டிக்குள் பிரிக்காமலே கிடக்கும் அந்தப் புத்தகத்தில் இந்த ஒரு பக்கத்தையாவது போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். தைலமரக்காட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி வீடியோ தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இறக்கும்போது...

ராடைத் துளைக்குள் விட்டு, திருகில் கவ்வியதா என்று கையில் உணர வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் டயர் இறங்கும். மெதுவாகத்தான் இறங்கும், நிறைய சுற்று சுற்ற வேண்டியிருக்கும். டயர் தரையைத் தொட்ட பிறகும் சில சுற்று விட்டால்தான் கேபிள் தளரும். பிறகு டயரை வெளியே இழுத்து, நிமிர்த்தி, நடு ஓட்டைக்குள் குறுக்காக மாட்டியிருக்கும் சின்னத் தகடைச் சாய்த்து, ஓட்டை வழியாகவே வெளியே தள்ளினால் டயர் கையில். அந்தத் தகடைச் சாய்க்க வேண்டும் என்று தெரியாமல் கேபிளை அறுத்தவர்களும் உண்டு.

பின் டயர் பஞ்சர் என்றால் இன்னொரு சிக்கல். வண்டி பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்துவிடும். ஸ்டெப்னி இறங்கியும் பம்பருக்குக் கீழே மாட்டிக்கொண்டு வெளியே வராது. அப்போது ஜாக்கியை அதற்குரிய இடத்தில் வைத்து வண்டியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, ராடின் முனையால் டயரைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். தலையை, தோளை உள்ளே விட்டுக் கையால் இழுக்கக் கூடாது. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியும் போகக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

இதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை இருக்கிறது: எங்கே நிறுத்துவது? பஞ்சரான டயரோடு மெதுவாக நூறு இருநூறு மீட்டர் உருட்டிப் போனால் டயர் வீணாகலாம். வளைவிலோ பாலத்திலோ நின்றால் உயிருக்கே ஆபத்து. டயரை விடுங்கள், சமதளமான இடம் வரை போய்விடுங்கள். சாலையோரம் நின்று டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் மீது பின்னால் வந்த வாகனம் மோதியது என்ற செய்தியைத் தமிழ்நாட்டில் படிக்காத ஆண்டு இல்லை. ஹசார்டு லைட் எரிய வேண்டும். சிவப்பு முக்கோணப் பலகையைப் பின்னால் குறைந்தது 50 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். வண்டியில் உள்ள எல்லோரும் இறங்கி, சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். 'மழை பெய்யுது, பாட்டி மட்டும் உள்ளேயே இருக்கட்டும்' என்று விடுவது பாட்டிக்கும் நல்லதில்லை, ஜாக்கிக்கும் நல்லதில்லை.

மழை என்றதும் இன்னொன்று. சபரிமலை சீசன் தொடங்கும் கார்த்திகை மாதம், புதுக்கோட்டைப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் இருக்கும். தார்ச் சாலையை விட்டு இறங்கினால் செம்மண். அதில் ஜாக்கி புதைந்து சாயும். அடியில் ஒரு மரப்பலகை வேண்டும். அவசரத்துக்குச் செங்கல் வைப்பவர்கள் உண்டு. எடை ஏறினால் அது நொறுங்கிவிடும். தூக்குவதற்கு முன் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பஞ்சரான சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுக்க வேண்டும். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், வண்டி ஆடும். இன்னோவாவில் ஐந்து நட்டு. மாட்டும்போது வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்கினால் சக்கரம் சரியாக உட்காரும்.

பழைய டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியே எடுத்த ஸ்டெப்னியை மாட்டும் வரை, ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பார்கள். கழற்றிய டயரை அதே இடத்தில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுப்பார்கள். ஜாக்கி சறுக்கினால் வண்டி டயர் மேல் உட்காரும். செலவில்லாத பாதுகாப்பு.

சுற்றினாலும் இறங்கவில்லையா?

அடியில் தொங்கும் டயருக்கும் வின்ச்சுக்கும் மழைத் தண்ணீர், சேறு, சாலைத் தூசி எல்லாம் நேரடியாகப் போய்ச் சேரும். ஐந்தாறு வருஷம் தொடாமல் விட்ட வின்ச் துருப்பிடித்து இறுகிவிடும். ராடைப் பலம் கொண்ட மட்டும் சுற்றினால் திருகு தேய்ந்துபோகும் அல்லது கேபிள் அறுந்து 20 கிலோ சக்கரம் சட்டென்று விழும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்துக் கொஞ்ச நேரம் விட்டு, இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கலாம். அப்படியும் வரவில்லை என்றால் அந்த இடத்தில் முயற்சியை நிறுத்திவிட்டு உதவி கூப்பிடுவதுதான் சரி. இன்சூரன்ஸில் ரோடு சைடு அசிஸ்டென்ஸ் சேர்த்திருக்கிறீர்களா என்று பாலிசியைப் பார்த்தால் தெரியும். அந்த நம்பர் போனில் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033, ஆபத்தான சூழ்நிலை என்றால் 112.

பஞ்சர் கடையில் இன்னொரு தவறு நடக்கிறது. நட்டு கழற்றும் காற்று கன்னையே வின்ச் திருகிலும் வைத்து 'விர்ர்' என்று சுற்றிவிடுகிறார்கள். இரண்டு நிமிஷம் மிச்சம்தான். ஆனால் வின்ச் கையால் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டது. உள்ளே பல் உடைந்தால் வெளியே தெரியாது, அடுத்த முறை நடுரோட்டில்தான் தெரியும். "அண்ணே, கையாலயே இறக்குங்க" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

திரும்ப ஏற்றுவதில்தான் கோட்டை விடுகிறோம்

ஸ்டெப்னி மாட்டியாச்சு, எல்லோரும் ஏறியாச்சு, பஞ்சரான டயரை அடியில் தொங்கவிட்டுக் கிளம்பலாம் என்ற அவசரத்தில் வின்ச்சைப் பாதியிலேயே விட்டுவிடுவது நடக்கும். தொங்கும் சக்கரம் ஆடி ஆடி, ஒரு வேகத்தடையில் கேபிளை அறுத்துக்கொண்டு சாலையில் விழுந்தால், பின்னால் பைக்கில் வருபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். தகடு நடு ஓட்டையில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, டயர் வண்டியின் அடிப்பாகத்தோடு ஒட்டி, ராடு மேற்கொண்டு சுற்ற மறுக்கும் வரை ஏற்ற வேண்டும். பல வண்டிகளில் கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகு கையால் டயரைத் தள்ளிப் பார்க்க வேண்டும். லேசாக ஆடினாலும் சரியில்லை. சரியாக ஏறவே மாட்டேன் என்றால் அந்தச் சக்கரத்தை வண்டிக்குள்ளேயே போட்டுக்கொண்டு போவது மேல். சீட்டு அழுக்காகும், அவ்வளவுதான்.

காற்றும் வயசும்

கண்ணில் படாத டயருக்குக் காற்று பார்ப்பவர் யார்? பெட்ரோல் பங்க்கில் நான்கு சக்கரத்துக்கும் காற்று பிடிக்கும் பையன் ஸ்டெப்னியைக் கேட்பதே இல்லை. கேட்டாலும் வால்வு மேல்பக்கம் திரும்பி இருக்கும், குழாய் எட்டாது. டயரிலிருந்து காற்று தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மூன்று வருஷம் பார்க்காத ஸ்டெப்னியை இறக்கினால் அதுவும் பஞ்சரான டயர் மாதிரியே தளதளவென்று இருக்கும். மாட்டியும் பிரயோஜனம் இல்லை.

வயசு வேறு இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் 'டிஓடி' என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். வண்டி வாங்கியதிலிருந்து தரையையே தொடாத ஸ்டெப்னி புத்தம் புதுசு மாதிரி தெரியும். ஆனால் ரப்பருக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயசாகும். பக்கவாட்டில் மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிந்தால் அந்த டயரை நம்பிக் குடும்பத்தை ஏற்ற முடியாது.

அரிமளம் மாதிரி ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நகரத்தார் ஊர் இது. சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து இறங்குவார்கள். சுந்தர சுவாமிகள் அதிஷ்டானத்துக்கு வருபவர்கள், பிள்ளையார்பட்டி, திருமயம், ஆவுடையார்கோயில் என்று ஒரே நாளில் சுற்றுபவர்கள் எல்லோரும் வாடகை வேன் எடுக்கிறவர்கள். அந்த வண்டியின் டிரைவர் ஓனராக இருக்க மாட்டார். அன்றைக்கு மட்டும் ஓட்ட வந்தவராக இருக்கலாம். புறப்படும்போதே "ஸ்டெப்னியில காத்து இருக்கா தம்பி? இறக்குற ராடு இருக்கா?" என்று வண்டியில் பெரியவர் ஒருவர் கேட்டால் போதும். பதில் சொல்ல டிரைவர் யோசித்தாலே விஷயம் புரிந்துவிடும்.

சொந்த வண்டி என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டு வாசலில் ஸ்டெப்னியை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்ப்பதுதான் நல்ல வழி. அரை மணி நேர வேலை. சேற்றைக் கழுவி, காற்று நிரப்பி, வின்ச் கேபிளில் துரு இருக்கிறதா பார்த்து ஏற்றிவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் வின்ச்சும் இறுகாது. அடியில் டயர் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வெளியே நிறுத்தும் வண்டிகளில் அதைத் திருடிக்கொண்டு போவது புதுசு இல்லை.

ஸ்டெப்னியே இல்லாத வண்டி வந்தால்?

இது கற்பனை இல்லை. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. டிரைவரோடு சேர்த்து 9 பேர் வரை போகக்கூடிய, 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் வாகனத்தில், டியூப்லெஸ் டயர், டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் இந்த மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. 2020 அக்டோபர் 1 முதல் இது அமலில் இருக்கிறது. எடை குறையும், இடம் மிச்சமாகும், மின்சார வண்டியில் பேட்டரி வைக்கவும் வசதி என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

சீமைக்கருவேல முள்ளோ சின்ன ஆணியோ குத்தினால் அந்தக் கிட் போதும். அதிலுள்ள பசையை உள்ளே ஏற்றி, சின்ன கம்ப்ரஸரால் காற்று பிடித்துக்கொண்டு பக்கத்து ஊர் வரை போய்விடலாம். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தாலோ, பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்தாலோ பசை ஒன்றும் செய்யாது. இழுத்துப் போகும் வண்டிதான் வர வேண்டும். புது வண்டி புக் பண்ணும்போது ஷோரூமில் கலர், மைலேஜ் கேட்பதோடு, நீங்கள் எடுக்கும் அதே மாடலில் ஸ்டெப்னி இருக்கிறதா, முழு சைஸா அல்லது தற்காலிகச் சிறிய டயரா என்றும் கேளுங்கள். சிறிய டயர் என்றால் அதிலேயே வேக வரம்பு அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ. டெலிவரி எடுக்கும் அன்றே, அதை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.